அளந்து போடு

ஜனவரி. காலை பத்து மணிக்கு
விடிந்தும் விடியாத ஒரு சாம்பல் வெளிச்சம்.
பின்லாந்தின் நடுவில், பெயரைச் சொன்னால்
நாக்குத் தடுக்கும் ஓர் ஏரிக்கரையில்
காகித ஆலையின் கழிவுநீர்ப் பிரிவு.
ஹில்க்கா கர்வோனென்
நீண்ட காம்புள்ள அகப்பையால் குளத்தை மொண்டு
கூம்புக் கண்ணாடியில் ஊற்றிவிட்டு
அரைமணி நேரம் காத்திருக்கிறாள்.
வண்டல் படிய வேண்டும்.
படியாவிட்டால் இன்றைக்கு யாருக்கும் நிம்மதி இல்லை.

உருப்பெருக்கியின் கீழே
காம்பில் ஆடும் மணிகள்போல் நுண்ணுயிர்கள்.
அருகில் ஆள் இல்லையென்றால்
அவற்றுக்குக் காலை வணக்கம் சொல்வாள்.
மரம் கரைந்த நீரைத் தின்று தெளியவைப்பவை.
மரத்தில் சத்துக் குறைவு.
யூரியாவும் பாஸ்பரஸும் இவள்தான் ஊட்ட வேண்டும்.
குறைந்தால் பட்டினியில் இழையிழையாய் நீண்டு மிதக்கும்.
கூடினால் ஆகஸ்டில் ஏரி பச்சையாய்ப் பொங்கும்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
என்கிறது என் மொழி.
அவள் மொழியில் அப்படி ஏதும் உண்டா, தெரியவில்லை.
அவளிடம் அளவுக்குழாய் இருக்கிறது.

அவள் பிறந்த வருஷம் இந்தக் கரையில்
முழங்கால் உயரம் நுரை நின்றதாம்.
கந்தல் கம்பளம் அலச வந்த பெண்கள்
அதை இன்னும் அழுக்காக்கித் தூக்கிப் போனார்களாம்.
வலையில் கூழ் ஒட்டிக் காய்ந்து
வலையே அட்டையாய் விறைத்ததாம்.
இதெல்லாம் கேள்விப்பட்டது.
பார்த்தது, அன்னம்.

கழிவுக்குழாயின் வாயில் நீர் வெதுவெதுப்பு.
ஏரி முழுக்க உறைந்த பிறகும்
அங்கே மட்டும் ஒரு கறுப்பு வட்டம்.
தெற்கே போக மறந்த இரண்டு அன்னங்கள்
ஐந்து குளிர்காலம் அதில் கிடந்தன.
பள்ளிப் பிள்ளைகள் பார்லி தூவினார்கள்.
ஆலையின் நாள்காட்டியில்
ஜனவரி என்றாலே அவைதான்.

போன இலையுதிர்காலத்தில் புது வடிகட்டி வந்தது.
இயந்திரத்தின் அடியில் சொட்டும் வெள்ளைநீரில்
நாரை வேறாக, நீரை வேறாகப் பிரித்து
இரண்டையும் திரும்ப உள்ளே அனுப்பும் சுழல்தட்டு.
பாலையும் நீரையும் பிரிக்கும் என்று
நாம் எந்தப் பறவையைப் பாடினோமோ
அது இங்கே எஃகில், நிமிஷத்துக்கு ஒரு சுற்று.
வெளியே நிற்கும் நிஜ அன்னத்துக்கு அந்த வித்தை தெரியாது.
அதற்குத் தெரிந்தவை நாணல் வேரும் வெதுவெதுப்பும்.

ஒரு டன் காகிதத்துக்கு இருபது டன் நீர்
ஒன்பதாகிவிட்டது.
(இதை எழுத நான் கிழித்தவை பதினான்கு தாள்கள்.
பழைய கணக்கில் ஒன்றரைச் செம்பு,
புதுக் கணக்கில் முக்கால்.)
சூட்டையும் விடவில்லை;
அதை வாங்கித் தன் கூடங்களுக்கே கொடுத்துக்கொண்டது ஆலை.
குழாயில் வருவது கொஞ்சம்; அதுவும் ஆறிப்போனது.
கறுப்பு வட்டம் ஓரத்திலிருந்து வெளுத்து வந்தது.
மைதானம் அளவு. லாரி அளவு.
ஒரு சாப்பாட்டு மேசை அளவு.

கடிதங்கள் வந்தன. தொலைபேசி ஓயவில்லை.
"ராத்திரியில் ஒரே ஒரு வால்வு," என்றான் என்சியோ.
"ஏட்டில் ஏற்ற வேண்டாம்.
ஏரிக்கு என்ன கேடு? வெந்நீர்தானே."
சக்கரத்தின்மேல் கையுறையோடு கை வைத்து நின்றாள்.
அவன் சொன்னது பொய்யில்லை.
அதுதான் கஷ்டம்.
நுரை என்றால் யாருக்கும் தெரியும், துரத்திவிடலாம்.
இரண்டு வெள்ளைக் கழுத்துகளோடு வந்து நிற்கும் விரயத்தை
எந்தக் குழாயில் அளப்பது?

கையை எடுத்தாள்.
நான்காம் வால்வு: மூடியிருக்கிறது.
கீழே கையெழுத்து.

மூன்றாம் நாள் இரவு மைனஸ் இருபத்தாறு.
காலையில் வட்டம் இல்லை.
பனிமேல் அகன்ற சவ்வுப் பாதங்கள் ஓடிய தடம்,
போகப்போக இடைவெளி கூடி,
கடைசியில் இறகு நுனி
இருபுறமும் கீறிய கோடுகள்.
அப்புறம் ஒன்றுமில்லை.

குனிந்து எண்ணினாள். இரண்டு ஜோடி.
பார்லி அப்படியே கிடந்தது.
அதை எழுத ஏட்டில் கட்டம் இல்லாததால்
ஓரத்தில் எழுதினாள்.
கூம்பில் வண்டல் இறங்கிக்கொண்டிருந்தது.
இன்னும் பதினோரு நிமிஷம்.